முப்பத்திரண்டாம் எண் காலமானார்

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பார்த்தசாரதி கதவைத் திறந்தபோது, வாசலில் நின்றவன் செத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

ஒரு கையில் ஹெல்மெட். தோளில் கனமான கித்தான் பை, அதிலிருந்து செம்புக் குழாய் ஒன்று சுருண்டு எட்டிப் பார்த்தது. சட்டைப் பையில் டெஸ்டர். நெற்றியில் முடி கொஞ்சம் பின்வாங்கியிருந்ததே தவிர, செத்ததற்கான வேறு அடையாளம் எதுவுமில்லை.

"சாரதிதானே? நான்தாம்பா திருமுருகன். செத்துப் பூட்டேனாமே. இன்னா ஏதுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

பார்த்தசாரதிக்கு வாயில் வந்த முதல் வார்த்தை "உள்ள வாடா" என்பதுதான். இரண்டாவது வார்த்தை வர நேரமாயிற்று. சமையலறையிலிருந்து தண்ணீர்ச் சொம்புடன் வந்த வித்யா, வந்தவரின் பெயரைக் கேட்டதும் சொம்பை மேசையில் வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். "இவரா? இவருக்காகவா நீங்க அன்னிக்குச் சாப்பிடாம படுத்தீங்க?"

"சாப்பிட்டேன்" என்றான் பார்த்தசாரதி அவசரமாக. "ரெண்டு சப்பாத்தி கம்மியா."

"பரவால்ல மாமே, ரெண்டு சப்பாத்தியாச்சும் கீதே" என்றான் திருமுருகன், சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தபடி.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. திருமுருகன் இறந்துவிட்டான் என்று உலகத்துக்கு அறிவித்தது பார்த்தசாரதி உருவாக்கிய இணையப் பக்கம். அதைப் பார்த்து முதலில் கண் கலங்கியதும் பார்த்தசாரதிதான். தன் கையால் எழுதிய நிரல் சொன்னதைத் தானே நம்பி, ஒரு மாலை முழுக்க பால்கனியில் நின்றிருந்தான். ஏரி தெரியும் என்று சொல்லி விற்கப்பட்ட அயனம்பாக்கம் ஃபிளாட் அது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கழுத்தை இடதுபக்கம் வெளியே நீட்டினால் தெரியவும் செய்யும். அன்று அவன் கழுத்தை நீட்டவில்லை. சோகத்துக்கு எதிர்க் கட்டடமே போதுமானதாக இருந்தது.

அவர்கள் எல்லாரும் ஆவடி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். அப்பாக்கள் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள், ஒரே பள்ளிக்கூடம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இருபத்தைந்து வருடம் ஆனதை ஒட்டி ஒரு சந்திப்பு வைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் பேச்சு வந்தபோது, "ஒரு வெப்சைட் இருந்தா நல்லாருக்கும்" என்று யாரோ சொல்ல, "நான் பண்றேன்" என்று பார்த்தசாரதி கையைத் தூக்கினான். அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவன் மேலாளர். நிரல் எழுதிப் பதினோரு வருடம் ஆகிறது. இப்போது அவன் எழுதுவதெல்லாம் மற்றவர்கள் ஏன் இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று கேட்கும் மின்னஞ்சல்கள். கூட வேலை பார்க்கும் கவிப்பிரியா "நான் ஒருதரம் பாத்துடட்டுமா சார்?" என்று கேட்டபோது, "இது சின்ன வேலைம்மா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான் ஆவடி மண்டபத்தில் அந்தச் சந்திப்பு. பழைய வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒரு பட்டியல் தயாரித்திருந்தார்கள். பெயர், முகவரி, தொலைபேசி, கடைசியில் நிலை என்று ஒரு கட்டம். அதில் 'உள்ளார்' அல்லது 'காலமானார்' என்று போட வேண்டும். நான்கைந்து பேர் பிரித்துக்கொண்டு ஒவ்வொருவருக்காகப் போன் செய்து நிரப்பினார்கள். காலமானவர்கள் பெயருக்குக் கறுப்புக் கட்டம், ஒரு சின்ன விளக்குப் படம், கீழே நினைவஞ்சலி எழுத ஒரு பெட்டி. பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் போன திருமுருகனின் பெயரும் பதிவேட்டில் இருந்ததால் பட்டியலில் ஏறியது. அவன் பெயரைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் வந்தபோது, போன் செய்த யாருக்கோ விஷயம் தெரிந்து நிரப்பியிருக்கிறார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். எல்லாரும் எல்லாரையும் நினைத்தார்கள்.

"நேத்து ஆவடி மார்க்கெட்ல ஆசிக்கு என்ன பாத்துட்டு கைல இருந்த தக்காளிய அப்படியே உட்டுட்டான்" என்றான் திருமுருகன். "நம்ம முகமது ஆசிக்கு. நான் குனிஞ்சு பொறுக்கித் தர்றேன், அவன் என் கால பாக்கறான், தரைல படுதான்னு. அப்பால அவன்தான் சொன்னான், சாரதிதான் உன்ன சாவடிச்சான்னு."

பள்ளிக்கூடத்தில் திருமுருகன் இப்படிப் பேசியதில்லை. அவன் அப்பா திண்டுக்கல் பக்கம். வீட்டில் 'ஏம்ப்பா, வாங்கப்பா' என்று இழுத்துப் பேசுவார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏசி பட்டறை அந்தத் தமிழைக் கழற்றி வைத்துவிட்டு இதை மாட்டிவிட்டிருந்தது.

"எப்படிரா செத்தேன்?" என்றான் அவன். குரலில் கோபமில்லை. கெட்டுப்போன எந்திரத்தின் மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் மெக்கானிக்குகளுக்கு வரும் ஒரு ஆர்வம்தான் இருந்தது. பார்த்தசாரதி மடிக்கணினியைத் திறந்தான். நேற்று இரவு ஆசிக் போனில் கத்தியதிலிருந்து அவனுக்கும் அதே கேள்விதான். மூல அட்டவணையைப் பார்த்தான். வரிசை எண் முப்பத்திரண்டு, திருமுருகன். முகவரி இல்லை, எண் இல்லை. நிலை என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. யாரும் அவனைக் கொல்லவில்லை. யாரும் எதையுமே எழுதவில்லை.

நிரலைத் திறந்தான். ஐந்து நிமிஷம் பார்த்தான். பிறகு, "ஐயோ" என்றான்.

"இன்னா?"

"இது ஒவ்வொரு ஆளா எடுக்கும்டா. கட்டத்துல உள்ளார்னு இருந்தா, உயிரோட இருக்கார்னு ஒரு வேரியபிள்ல, டப்பா மாதிரி ஒண்ணுல, வச்சுக்கும். காலமானார்னு இருந்தா, விளக்குன்னு வச்சுக்கும். அப்பறம் அதைப் பாத்துப் பக்கத்துல காட்டும். அடுத்த ஆளுக்குப் போகும்."

"சரி. என் கட்டத்துல ஒண்ணுமே இல்லியே."

"இல்ல. அப்ப ஒண்ணும் பண்ணாது. அதான் தப்பு. ஒண்ணும் பண்ணலேன்னா, முந்தின ஆளுக்கு வச்சது அப்படியே உள்ள இருக்கும். ஒவ்வொரு ஆளும் வரும்போது முதல்ல அதைக் காலி பண்ணியிருக்கணும். நான் பண்ணலை."

"முந்துன ஆளு யாரு?"

பார்த்தசாரதி பட்டியலை ஒரு வரி மேலே நகர்த்தினான். "முப்பத்தொண்ணு. ஸ்ரீகாந்த்."

"ஸ்ரீகாந்த் நெசமாலுமே பூட்டானா?" என்றான் திருமுருகன்.

"ரெண்டாயிரத்துப் பதினாறுல. மஞ்சக்காமாலை."

திருமுருகன் ஹெல்மெட்டை மடியில் வைத்து அதன் கண்ணாடியை மேலே தள்ளினான், கீழே இறக்கினான். "எனக்கு சைக்கிள் கத்துத் தந்தவன் அவன்" என்றான். இரண்டு வாரமாகத் தனக்காகக் கொளுத்தி வைக்கப்பட்டிருந்த விளக்கை அவன் எட்டிப் பார்த்தான். "அவன் சாவத்தான் எனக்குப் போட்டு வச்சுக்கீற."

இன்னும் ஒரு விஷயத்தைப் பார்த்தசாரதி சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை. பட்டியலில் இன்னும் இரண்டு பேருக்குக் கட்டம் வெறுமையாக இருந்தது. ஒன்பதாம் எண், இருபத்தேழாம் எண். அவர்கள் உயிரோடு இருப்பவர்களுக்கு அடுத்து நின்றதால் தப்பித்திருந்தார்கள். உண்மையில் இருக்கிறார்களா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது. பக்கம் மட்டும் அவர்கள் சௌக்கியம் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அதோடு, இந்தத் தவறைப் பற்றி முதல் நாளே கணினி எச்சரித்தது. வேரியபிளில் இன்னும் எதுவும் வைக்கவில்லையே என்று பக்கத்தின் உச்சியில் ஒரு வரி காட்டியது. பார்க்க அசிங்கமாக இருந்ததால், எச்சரிக்கைகளைக் காட்டாதே என்று பார்த்தசாரதி அதன் வாயை அடைத்துவிட்டான். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வருடா வருடம் அவன் எடுக்கும் வகுப்பில் இதற்கென்றே ஒரு பக்கம் வைத்திருக்கிறான். 'பயன்படுத்தும் முன் தொடக்க மதிப்புக் கொடு' என்று சிவப்பு எழுத்தில்.

திருமுருகன் யோசித்துவிட்டுத் தலையாட்டினான். "நாங்க கேஸ் ஏத்தறதுக்கு முன்ன கேஜ்ல முள்ளு ஜீரோல நிக்குதான்னு பாப்போம். நிக்கலன்னா திருகி ஜீரோவுக்குக் கொண்டாந்துட்டுத்தான் மாட்டுவோம். இல்லன்னா போன ஊட்டுக் கணக்கையும் இந்த ஊட்டு மேல ஏத்திக் காட்டும். மொத நாளே கைல தட்டிச் சொல்லித் தருவாங்க. உங்க கம்பெனில அதெல்லாம் இல்லியா?"

"இருக்கு" என்றான் பார்த்தசாரதி. "நான்தான் சொல்லித் தர்றேன்."

வித்யா காபி போடும் சாக்கில் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். பார்த்தசாரதி விரலை எடுத்துச் சென்றபோது திருமுருகன் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். "இரு, இரு. உயிர் குடுக்கறதுக்கு இன்னா அவ்ளோ அவசரம்? மொதல்ல யாரு யாரு இன்னா எழுதிக்கீறாங்கன்னு காட்டு. இந்த சான்ஸ் எவனுக்குக் கெடைக்கும்?"

பதினேழு அஞ்சலிகள் இருந்தன. திருமுருகன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தான். பாதிப் பேர் ஆழ்ந்த இரங்கல் என்று போட்டிருந்தார்கள். ஒருத்தர் வெறும் கைகூப்பு. அவன் பந்துவீச்சை மறக்க முடியாது என்று பரத் எழுதியிருந்தான். "நான் பந்து பொறுக்கிப் போட்டதோட சரி. எவனோ பௌலிங்க எனக்குக் குடுத்துட்டான்" என்று சிரித்தான். அவனுடைய தயிர்சாதத்தைத் தினமும் எடுத்துச் சாப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்டு மைதிலி நான்கு வரி எழுதியிருந்தாள். "அட, அது இவளா! நான் பூனன்னு நெனச்சுகினு இருந்தேன்." கௌதம் ஒரே வரி போட்டிருந்தான்: போய் வா நண்பா. அதற்குக் கீழே, மறுபடியும் கௌதம் பெயரில், நீளமாக ஒன்று. திருமுருகன் அதை வாசிக்க ஆரம்பித்தபோது சிரித்துக்கொண்டிருந்தான். முடிக்கும்போது அப்படி இல்லை.

'திரு, கம்ப்யூட்டர் ரூம்ல மானிட்டரைத் தள்ளினது நான்தான். ஏசி காத்து வர்ற பக்கம் நாற்காலியை இழுத்தேன், ஒயர் கால்ல மாட்டிக்கிச்சு. டீச்சர் மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவையும் எழுந்திருக்கணும்னுதான் நினைச்சேன். உன் பேரைச் சொன்னதுக்கு அப்பறம் என்னால எழுந்திருக்கவே முடியலை. முத்தாபுதுப்பேட்டையில இருக்கேன்னு கேள்விப்பட்டு ரெண்டு தடவை தேடி வந்தேன். இனிமே எங்க வந்து சொல்றது?'

பார்த்தசாரதிக்கு அந்த அறை ஞாபகம் வந்தது. தொண்ணூற்றெட்டு. பள்ளிக்கூடத்துக்கு மூன்று கம்ப்யூட்டர்கள் வந்திருந்தன. அவற்றுக்குக் குளிர வேண்டும் என்று ஒரு ஏசி. மனிதர்களுக்கு இல்லாத ஏசி. செருப்பை வெளியே விட்டுவிட்டு, கோயிலுக்குள் போவது போலப் போவார்கள். பாதிப் பேர் போனது குளிருக்காகத்தான். அன்று ஒரு மானிட்டர் தரையில் கிடந்தது. ஞானம்மாள் டீச்சர் எல்லாரையும் வகுப்புக்குக் கூட்டிவந்து உட்காரவைத்து, யார் என்று கேட்டார். டீச்சருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கரும்பலகையின் வலது மூலையில் சின்னதாகக் கட்டம் போட்டு, கடைசியாகத் தப்புச் செய்து மாட்டியவன் பெயரை எழுதிவைப்பார். அடுத்தவன் மாட்டும்வரை அது அங்கேயே இருக்கும், பலகையைத் துடைக்கிறவன் அந்த மூலையை மட்டும் தொடக்கூடாது. முந்தைய வாரம் பிரார்த்தனையில் விசில் அடித்ததற்காகத் திருமுருகன் பெயர் அதில் இருந்தது. மூன்றாவது முறை கேட்டும் யாரும் எழுந்திருக்காதபோது டீச்சர் திரும்பி, அந்த மூலையைப் பார்த்தார். மறுநாள் திருமுருகனின் அப்பா சீருடையோடு தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நின்றார். அதற்கு அடுத்த வாரம் திருமுருகன் எஸ்டேட் பட்டறையில் இருந்தான்.

திருமுருகன் எழுந்து ஹெல்மெட்டை எடுத்தான்.

"எங்கடா?"

"ஐயப்பன்தாங்கல். கௌதம் அட்ரஸு உன் பக்கத்துலயே கீதே. பஸ் டெப்போக்குப் பின்னால."

"அடிக்கப் போறியா?"

"தெரில. இருவத்தேழு வருசமா நெஞ்சுல ஒரே கேள்விடா, யாருன்னு. போனாத்தான் தெரியும், கட்டிப் புடிக்கறனா, மூஞ்சிய ஒடைக்கறனான்னு." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "என் பக்கத்து பெஞ்சுடா அவன்."

அவன் போன பிறகு பார்த்தசாரதி அந்த ஒரு வரியைச் சேர்த்தான். ஒவ்வொரு ஆளுக்கும் முதலில் 'தகவல் இல்லை' என்று வைத்துவிட்டு அப்புறம் கட்டத்தைப் பார். விளக்கு அணைந்தது. ஒன்பதாம் எண்ணும் இருபத்தேழாம் எண்ணும் சௌக்கியத்திலிருந்து தகவல் இல்லைக்கு இறங்கினார்கள். இவ்வளவு சின்ன விஷயம். மனசு லேசானதால் கீழே இருந்த மிச்ச நிரலையும் சும்மா ஓட்டிப் பார்த்தான், அஞ்சலிகளைக் காட்டும் பகுதியை. ஒவ்வொரு அஞ்சலியாக எடுக்கும். பெயர் இருந்தால் வேரியபிளில் வைத்துக்கொள்ளும். பிறகு பெயரையும் வாசகத்தையும் காட்டும்.

பெயர் இருந்தால்.

பார்த்தசாரதியின் முதுகுத்தண்டில் எறும்பு ஒன்று ஏறியது. மூல அட்டவணையைத் திறந்தான். கௌதம் எழுதியது ஒரே ஒரு வரிதான்: போய் வா நண்பா. அதற்கு அடுத்த அஞ்சலியில் வாசகம் இருந்தது. பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தது. எழுதியவர் தன் பெயரைப் போடவில்லை. பார்த்தசாரதியின் நிரல், கையில் கடைசியாக இருந்த பெயரை எடுத்து அதன் தலையில் ஒட்டியிருந்தது.

கௌதமுக்குப் போன் செய்தான். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திருமுருகனுக்குப் போன் செய்யலாம் என்று எண்ணைத் தேடியபோதுதான் உறைத்தது. இருபத்தேழு வருடமாக யாரிடமும் இல்லாத அந்த எண், முக்கால் மணி நேரம் அவன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறது. அவன் வாங்கி வைக்கவில்லை.

"எங்க ஓடறீங்க?" என்றாள் வித்யா. "அவர்கிட்ட நம்ம ஏசியைப் பாக்கச் சொல்லலாம்னு இருந்தேன்."

"ஒருத்தன் மூஞ்சி உடையப் போகுது" என்று ஸ்கூட்டர் சாவியைத் தேடினான். "என்னால."

வானகரம் வளைவில் லாரிகள் நின்றிருந்தன. வெயில் ஹெல்மெட்டுக்குள் தோசை சுட்டது. பார்த்தசாரதி வழி நெடுக மனசுக்குள் வாக்கியம் தயாரித்தான். மேலாளர் அல்லவா, 'ஒரு சிறிய தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்றுதான் ஆரம்பித்தது. போரூர் தாண்டுவதற்குள் அந்த வாக்கியத்தைத் தூக்கிப் போட்டான். முதல் தடவை ஒருவனை அநியாயமாகச் சாகடித்தாயிற்று, அவன் வந்து சிரித்துக்கொண்டே காபி குடித்தான். இது அப்படியில்லை. யாரும் வாய் திறக்காததால் மூலையில் இருந்த பெயர் மாட்டியது அன்று. இன்று கௌதம் மாட்டியிருக்கிறான், அதே மாதிரி. இந்த முறை கரும்பலகை பார்த்தசாரதியுடையது.

டெப்போவுக்குப் பின்தெருவில் கௌதமின் அடுக்குமாடிக்கு எதிரே ஒரு டீக்கடை. திருமுருகன் அங்கே நின்றிருந்தான். கையில் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. பார்த்தசாரதிக்கு ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடக்கூடத் தோன்றவில்லை, அப்படியே சுவரில் சாய்த்தான்.

"போனியா?"

"இல்ல மாமே. கேட் வரைக்கும் போனேன். மேல பால்கனில துணி காய வச்சுகினு இருந்தான். நரச்சுட்டான்டா. ஒரு குட்டிப் பாப்பா சட்டைக்குக் கிளிப்பு போட்டுகினு இருந்தான். அப்டியே திரும்பி வந்து டீ சொல்ட்டேன்." டீயைப் பார்த்தான். "யாருன்னு தெரியணும்னுதான் இவ்ளோ நாளா இருந்துச்சு. தெரிஞ்சப்புறம் இன்னா பண்றதுன்னு நெனச்சே பாக்கல."

"அது அவன் இல்லடா" என்றான் பார்த்தசாரதி.

சொன்னான். தயாரித்த வாக்கியம் எதுவும் வரவில்லை. "நான் மறுபடியும் அதே தப்பைப் பண்ணியிருக்கேன்" என்றுதான் வந்தது. போனில் அட்டவணையைத் திறந்து வெறுமையான கட்டத்தைக் காட்டினான். திருமுருகன் விரலால் அந்த இடத்தைத் தொட்டான். அழுத்தினால் பெயர் மேலே வரும் என்பது போல.

"அப்ப கௌதம் இல்ல."

"கௌதமாவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பேர் போடலை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

திருமுருகன், ஏசியில் எந்த இடத்தில் கசிவு என்று கண்டுபிடித்தவன் போல மெதுவாகத் தலையாட்ட ஆரம்பித்தான். "டீச்சர் பண்ணதத்தான் உன் மெஷினும் பண்ணிக்கீது." சிரித்தான். "நான் கேட் கம்பியப் புடிச்சுட்டேன்டா. இன்னும் ரெண்டு படி ஏறியிருந்தா அவன் பாப்பா எதிர்ல..." முடிக்கவில்லை. டீயைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, "அண்ணாத்தே, சூடா ரெண்டு" என்றான்.

"நானும் அன்னிக்கு அங்கதான் இருந்தேன்" என்றான் பார்த்தசாரதி.

"மூணாவது பெஞ்சு. தெரியும்."

"யார் தள்ளினாங்கன்னு நான் பாக்கலை, சத்தியமா. ஆனா நீ இல்லன்னு தெரியும். நீ என்கூடத்தான் வாசல்ல செருப்பு கழட்டிட்டு இருந்த. டீச்சர் உன் பேரைச் சொன்னப்போ, என் பேர் இல்லன்னு மூச்சு விட்டேன்."

திருமுருகன் அவனை நிதானமாகப் பார்த்தான். டீ மாஸ்டர் இரண்டு கிளாஸை வைத்துவிட்டுப் போனார். "இத ரெண்டு வாரம் முன்ன, நான் செத்துகினு இருந்தப்போ எழுதியிருக்கலாமே. பேர் போட்டு."

"எழுத ஆரம்பிச்சேன். அழிச்சிட்டேன்."

"அத அழிக்க மட்டும் தெரிஞ்சுது உனக்கு" என்றான் திருமுருகன். அது திட்டு போலவும் இருந்தது, தோளில் தட்டியது போலவும் இருந்தது. எதிர் பால்கனியில் குட்டிச் சட்டைகள் காற்றில் ஆடின. பார்த்தசாரதி டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, போனிலேயே தடவித் தடவி, அந்த இரண்டாவது வரியையும் சேர்த்தான். பெயரை ஒவ்வொரு முறையும் முதலில் காலி செய். பக்கத்தைப் புதுப்பித்ததும், நீளமான அந்த அஞ்சலிக்கு மேலே கௌதம் மறைந்து, வெறும் வெள்ளையாக ஒரு இடம் வந்தது.

"எழுதுனது யாருன்னு கண்டுபுடிக்க முடியுமா, உன் மெஷின நோண்டி?" என்றான் திருமுருகன்.

பார்த்தசாரதி யோசித்தான். முயன்றால் முடியலாம். எந்த நேரத்தில், எந்த இணைப்பிலிருந்து என்று சர்வரில் ஒரு குறிப்பு இருக்கும். அவனுக்கே அரிப்பாகத்தான் இருந்தது. "ஓரளவுக்கு முடியும்."

"வாணாம்" என்றான் திருமுருகன். "அந்தப் போனக் குடு." ஒற்றை விரலால் தட்டினான். நடுவில் நிறுத்தி, "காலமானவரே பதில் போடலாமா, உன் மெஷின் ஒத்துக்குமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தட்டினான். முதலில் பெயர்க் கட்டத்தில் தன் பெயரை முழுசாக அடித்தான். அப்புறம்தான் வாசகம்.

'நான் சாவல. நாளைக்கு ஆவடிக்கு வரேன். பக்கத்துல எடம் போட்டு வைக்கிறேன். அடிக்க மாட்டேன். திருமுருகன், ஏசி மெக்கானிக்.' யோசித்துவிட்டுக் கீழே தன் போன் நம்பரையும் சேர்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் திருமுருகனைப் பார்த்ததும் நான்கு பேர் கத்தினார்கள், ஒருத்தி அழுதாள். கௌதம் அவனைக் கட்டிப்பிடித்து, "உனக்குப் போய் வா நண்பான்னு போட்டேன்டா, போய்ட்டு வந்துட்டியே" என்று விடாமல் உலுக்கினான். திருமுருகன் அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தசாரதியைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தான். மைதிலி ஒரு டப்பாவில் தயிர்சாதம் கொண்டு வந்திருந்தாள். மண்டபத்து ஏசி இரண்டாவது வரிசைக்கு மேல் குளிரவில்லை. "கேஸ் கம்மி" என்று சொல்லிவிட்டு, நடு வரிசையில் போய் உட்கார்ந்தான் திருமுருகன். பக்கத்து நாற்காலியில் ஹெல்மெட்டை வைத்தான். அங்கே உட்கார வந்த மூன்று பேரிடம், "ஆள் வருது" என்றான். பார்த்தசாரதி உட்பட.

ஞானம்மாள் டீச்சர் வந்திருந்தார். தாளைக் கண்ணுக்கு ரொம்ப அருகில் பிடித்துக்கொண்டு, அந்தக் காலத்தைப் போலவே பதிவேடு வாசித்தார். நாற்பது வயது தாண்டிய தொப்பைகள் ஒவ்வொன்றாக எழுந்து, உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர் என்றன. ஒன்பதாம் எண்ணுக்குப் பதில் வரவில்லை. டீச்சர் காத்திருந்தார், பிறகு அடுத்த பெயருக்குப் போனார். இருபத்தேழுக்கும் அப்படியே. முப்பத்தொன்று, ஸ்ரீகாந்த் என்றபோது யாரும் சொல்லாமலே எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"முப்பத்திரெண்டு. திருமுருகன்."

"உள்ளேன் டீச்சர்."

டீச்சர் தாளைக் கீழே இறக்கினார். குரல் வந்த திசையைத் தேடினார். ஏதோ சொல்ல வாயெடுத்தது போலத் தெரிந்தது. பிறகு பேனாவால் தாளில் ஒரு குறி போட்டார், வழக்கத்தைவிட அழுத்தமாக, தாள் கிழிந்துவிடுமோ என்று பார்த்தசாரதி பயப்படும் அளவுக்கு. கடைசிப் பெயர் வரை வாசித்து முடித்துவிட்டு, எப்போதும் கேட்பது போலக் கேட்டார்.

"யார் பேராவது விட்டுப்போச்சா?"

சிரிப்பு எழுந்து அடங்கியது. மின்விசிறிகள் சுற்றின. டீச்சர் தாளை மடிக்கவில்லை. "விட்டுப்போச்சா?" என்று இன்னொரு முறை கேட்டார். பார்த்தசாரதி தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலைகள் அங்குமிங்கும் திரும்பின. மூன்றாவது முறை கேட்பதற்கு டீச்சர் மூச்சை இழுத்தபோது, பின்னால் எங்கோ, ஒரு நாற்காலியின் கால்கள் தரையில் கரகரவென்று தேய்ந்து பின்னுக்கு நகரும் சத்தம் கேட்டது.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. திருமுருகன் மட்டும் திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே கையை நீட்டி, பக்கத்து நாற்காலியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.